போர்வைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்: ஒரு நகைச்சுவைப் படத்தில் கேமரா சொன்ன காதல்

1934 பிப்ரவரியில் வெளியான 'இட் ஹாப்பண்ட் ஒன் நைட்' படத்தில் நாயகனும் நாயகியும் ஒருமுறைகூட முத்தமிட்டுக்கொள்வதில்லை. நாயகன் தன் காதலை நாயகியிடம் வாய்விட்டுச் சொல்வதும் இல்லை. அவளுடைய அப்பா விடாமல் துருவித் துருவிக் கேட்டபோது, எரிச்சலோடு கத்தி ஒப்புக்கொண்டுவிட்டுக் கிளம்பிப் போய்விடுகிறான். படத்தின் பெரும்பகுதியில் இருவரும் சண்டைதான் போடுகிறார்கள். ஆனாலும் காதல் நகைச்சுவை என்ற வகையைப் பற்றிப் பேசும் எவரும் இந்தப் படத்தைத் தொடாமல் கடந்து போவதில்லை. பேச்சில் இல்லாத காதல் திரையில் எங்கிருந்து வந்தது என்று தேடினால், கேமரா நின்ற இடமும், விளக்கு விழுந்த கோணமும், இரண்டு உடல்களுக்கு நடுவே விடப்பட்ட இடைவெளியும்தான் விடையாகக் கிடைக்கின்றன. வசனம் காதலை மறுத்துக்கொண்டே போகிறது. கேமரா அதைத் தொடக்கத்திலிருந்தே ஒப்புக்கொண்டுவிடுகிறது.

கதை எளியது. எல்லி ஆண்ட்ரூஸ் பெரும் பணக்காரரின் மகள். தந்தைக்குப் பிடிக்காத ஒருவனை மணந்துகொண்டு, அதனால் மயாமி கடலில் நிற்கும் உல்லாசப் படகில் அடைத்து வைக்கப்பட்டவள், கடலில் குதித்து நீந்தித் தப்பித்து, நியூயார்க் செல்லும் இரவுப் பேருந்தில் ஏறுகிறாள். வேலை போன பத்திரிகையாளன் பீட்டர் வார்ன் அதே பேருந்தில் வருகிறான். செய்திக்காக அவளோடு ஒட்டிக்கொள்கிறான். எல்லியாக க்ளாடெட் கோல்பேரும் பீட்டராக கிளார்க் கேபிளும் நடித்தார்கள். சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ் எழுதிய சிறுகதையிலிருந்து ராபர்ட் ரிஸ்கின் திரைக்கதை அமைக்க, கொலம்பியா நிறுவனத்துக்காக ஃபிராங்க் காப்ரா இயக்கினார். ஒளிப்பதிவு ஜோசப் வாக்கர். காப்ராவும் வாக்கரும் சேர்ந்து செய்த படங்கள் இருபது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும், ஏனென்றால் நான் சொல்லப்போகும் பல நுணுக்கங்கள் இருவரில் ஒருவருக்கு மட்டும் உரியவை என்று பிரித்துக் காட்ட முடியாதவை.

நகைச்சுவைக்கென்று கேமராவுக்கு ஒரு பழக்கம் உண்டு. இரண்டு பேர் வாய்ச்சண்டை போட்டால் இருவரையும் ஒரே சட்டகத்தில் வைத்து, இடுப்பு வரையிலோ முழங்கால் வரையிலோ காட்டி, வெளிச்சத்தைப் பரவலாகப் போட்டு, கேமரா ஓரிடத்தில் நின்றுவிடும். ஒருவர் சொல்வதும் மற்றவர் முகம் சுளிப்பதும் ஒரே நேரத்தில் கண்ணில் பட்டால்தான் சிரிப்பு வரும். வெட்டி வெட்டிக் காட்டினால் நேரக்கணக்கு பிசகிவிடும். பேருந்தில் இருக்கைக்காக எல்லியும் பீட்டரும் மோதும் முதல் காட்சி அப்படித்தான் அமைந்திருக்கிறது. குறுகலான பேருந்து, ஆட்டம் கொடுக்கும் இருக்கை, தோளோடு தோள் இடிக்கும் இடநெருக்கடி. உடல்கள் நெருங்கியிருக்கின்றன, மனங்கள் எதிரெதிர் துருவத்தில் இருக்கின்றன. மறுநாள் காலையில் அவள் அவன் தோளில் தலைசாய்த்துத் தூங்கிக் கண்விழிக்கும் போதுதான், அந்த ஒரே சட்டகம் வேறொரு பொருளுக்கும் தயாராக இருந்திருக்கிறது என்பது நமக்கு உறைக்கிறது. நகைச்சுவைக்காக இருவரையும் ஒரு சட்டகத்துக்குள் அடைத்த கேமரா, அதே சட்டகத்தை ஜோடியின் படமாகவும் மாற்றிவிட்டது.

மழையால் பாலம் உடைந்து பேருந்து நின்றுவிட, இருவரும் சாலையோர விடுதி ஒன்றில், கையிலிருக்கும் காசுக்கு ஏற்றபடி, கணவன் மனைவி என்று சொல்லி ஒரே அறையை எடுக்கிறார்கள். இரண்டு கட்டில்கள். நடுவில் பீட்டர் ஒரு கயிற்றைக் கட்டி, போர்வையைத் தொங்கவிடுகிறான். விவிலியத்தில் யோசுவாவின் எக்காள ஒலிக்கு இடிந்து விழுந்த எரிக்கோவின் மதில்களை நினைவூட்டி, இது எரிக்கோவின் மதில் என்று பெயரும் சூட்டுகிறான்; தன்னிடம் எக்காளம் இல்லை என்பதால் அவளுக்குப் பயம் வேண்டாம் என்கிறான். இது வரையில் முழுக்க நகைச்சுவைதான். ஆண்கள் எந்த வரிசையில் ஆடை களைவார்கள் என்று அவன் செய்முறை விளக்கம் கொடுக்க ஆரம்பித்ததும் அவள் தன் பக்கம் ஓடிவிடுகிறாள். அதன் பிறகு விளக்கை அணைக்கிறார்கள். இந்த நொடியில் படத்தின் மொழி மாறுகிறது.

பரவலாக இருந்த வெளிச்சம் போய்விட்டது. மழைநீர் வழியும் சன்னல் கண்ணாடி வழியாக வரும் ஒளி மட்டுமே மிச்சம். அந்தச் சன்னலுக்கு முன்னே எல்லியின் உருவம் விளிம்புகளில் மட்டும் ஒளிபட்டு நிற்கிறது. அவள் உடைமாற்றும்போது கை முட்டியோ தோளோ இடித்து, போர்வை இங்கே கொஞ்சம் புடைக்கிறது, அங்கே கொஞ்சம் அசைகிறது. நாம் எதையும் பார்ப்பதில்லை. ஒரு துணியின் அசைவைப் பார்க்கிறோம், அதைப் பார்த்துக் கொண்டிருக்கும் பீட்டரின் சங்கடத்தைப் பார்க்கிறோம். அவள் கழற்றிய உள்ளாடைகள் போர்வையின் மேல் வந்து விழும்போது, அவற்றை மதிலிலிருந்து எடுத்துவிடச் சொல்லி அவன் கேட்கிறான். சிரிப்பு வருகிறது, ஆனால் சிரிப்புக்கு அடியில் அவன் குரல் சற்றுத் தடுமாறியதும் காதில் விழுகிறது. அமெரிக்க மெய்யியலாளர் ஸ்டான்லி கேவல், 1981இல் வெளிவந்த தன் நூலில், இந்தப் போர்வை ஒரு திரைப்படத் திரையைப் போலவே இயங்குகிறது என்று கவனித்தார். சரியான கவனிப்பு. மறைப்பதற்காகத் தொங்கவிடப்பட்ட துணி, பார்க்கத் தூண்டும் பரப்பாகிவிடுகிறது.

இங்கே கேமரா செய்த இன்னொரு வேலை பிரிப்பது. அதுவரை ஒரே சட்டகத்தில் இருந்த இருவரும் இப்போது தனித்தனிச் சட்டகங்களுக்குள் போய்விடுகிறார்கள். அவள் முகம் ஒரு ஷாட், அவன் முகம் இன்னொரு ஷாட். காதலர்களை நெருக்கமாகக் காட்ட இருவரையும் சேர்த்து எடுப்பதுதானே வழக்கம் என்று தோன்றலாம். உண்மை நேர்மாறாக இருக்கிறது. சேர்த்துக் காட்டியபோது இருவரும் ஒருவரையொருவர் எதிர்த்துக்கொண்டிருந்தார்கள், கவனம் சண்டையில் இருந்தது. பிரித்துக் காட்டியதும், ஒவ்வொரு முகமும் கண்ணுக்குத் தெரியாத மற்றவரைப் பற்றி யோசிக்கும் முகமாக ஆகிவிடுகிறது. இருட்டில் அவள் அவன் பெயரைக் கேட்பதும் அப்போதுதான். ஒரு பகல், ஒரு இரவு பயணம் செய்தபின், நடுவில் ஒரு துணி வந்தபிறகுதான் பெயர் தெரிந்துகொள்ளத் தோன்றுகிறது.

இந்த மாற்றம் எப்படிச் சாத்தியமானது என்பதைக் கொஞ்சம் தொழில்நுட்பமாகவும் பார்க்க வேண்டும். ஒரு நடிகையின் முகத்துக்கு முன்புறமிருந்து மட்டும் விளக்கு போட்டால் முகம் தட்டையாகத் தெரியும். பின்புறத்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டது போல இருக்கும். பின்னாலிருந்து, சற்று உயரத்தில் ஒரு விளக்கை வைத்தால் முடியின் ஓரத்திலும் தோளின் விளிம்பிலும் ஓர் ஒளிக்கோடு விழுந்து, உருவம் இருட்டிலிருந்து விடுபட்டு முன்னே வரும். முன்விளக்கைக் குறைத்து பின்விளக்கை உயர்த்தினால் முகம் பாதி நிழலில் இருக்க, கண்ணின் ஈரம் மட்டும் மினுங்கும். லென்ஸுக்கு முன்னால் மெல்லிய வலைத்துணியோ கலங்கிய கண்ணாடியோ வைத்தால் அந்த ஒளிக்கோடு கசிந்து பரவும், தோலின் கரடுமுரடு மறையும். கறுப்பு வெள்ளைப் படங்களில் இவை அனைவரும் அறிந்த உத்திகள்தான். வாக்கரின் சிறப்பு, லென்ஸ்களைத் தானே தேர்ந்து, தானே மாற்றியமைத்து, ஒவ்வொரு நடிகைக்கும் அவர் முகத்துக்குப் பொருந்தும் லென்ஸை வைத்திருந்தது. அவர் வெறும் ஒளிப்பதிவாளர் மட்டுமன்றிக் கருவி கண்டுபிடிப்பாளரும்கூட. ஜூம் லென்ஸின் முன்னோடிகளில் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றவர். தன் வாழ்க்கை நூலுக்கு அவர் வைத்த தலைப்பு 'அவள் முகத்தில் விழும் ஒளி' என்று பொருள்படும். தொழிலில் எதைப் பெரிதாக நினைத்தார் என்பதற்கு அந்தத் தலைப்பே போதும்.

ஆனால் உத்தியைவிட முக்கியமானது அதை எப்போது பயன்படுத்தினார், எப்போது பயன்படுத்தவில்லை என்பது. பேருந்தில் கோல்பேர் அழகாகக் காட்டப்படுவதில்லை. கசங்கிய உடையும் எரிச்சலான முகமுமாக இருக்கிறார். மென்மையான ஒளி இரவுகளுக்காகச் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. படம் நெடுக அதை அள்ளித் தெளித்திருந்தால் அது அலங்காரமாக நின்றிருக்கும். பகலுக்கு ஒரு வெளிச்சம், இரவுக்கு ஒரு வெளிச்சம் என்று முறை வைத்ததால், பின்விளக்கு எரியும்போதெல்லாம் இவர்கள் ஒத்துக்கொள்ளாத ஏதோ ஒன்று நடக்கிறது என்று பார்ப்பவர் தாமாகவே பழகிக்கொள்கிறார். இன்று வரும் பல காதல் நகைச்சுவைகளில் முதல் ஷாட்டிலிருந்து கடைசி ஷாட் வரை எல்லா முகமும் ஒரே மாதிரி பளபளப்பதைப் பார்க்கும்போது, இந்தச் சிக்கனம் எவ்வளவு பெரிய அறிவு என்று எனக்குத் தோன்றும்.

மறுநாள் காலை விடுதிக் காட்சியில் கேமரா நடக்க ஆரம்பிக்கிறது. குளிப்பதற்காக எல்லி விடுதி முற்றத்தைக் கடந்து போகிறாள். கேமரா அவளோடு பக்கவாட்டில் கூடவே நகர்ந்து, மற்ற அறைகளையும் குடும்பங்களையும் கடக்கிறது. குளியலறைக்கு வரிசை நிற்பதுகூட அவளுக்குப் புதிய அனுபவம். அந்த நகர்வு கதையில் எந்தச் செய்தியையும் சொல்லவில்லை. ஆனால் படகில் பூட்டப்பட்டிருந்த பெண் முதன்முறையாக எளிய மனிதர்களின் நடுவே சுதந்திரமாக நடப்பதை, நாமும் கூட நடந்து உணரும்படி செய்துவிடுகிறது. அவள் பீட்டரைக் காதலிக்கத் தொடங்குவது அவன் முகத்தைப் பார்த்து மட்டும் அன்று. இந்தத் திறந்த உலகத்துக்குள் அவன் கூட்டிவந்தான் என்பதாலும்தான். அதை ஒரு நடையிலேயே காட்டிவிட்டார்கள்.

திரும்பி வந்தபின், எல்லியைத் தேடி அவள் தந்தை அனுப்பிய துப்பறிவாளர்கள் அறைக்கு வருகிறார்கள். பீட்டர் அவள் தலைமுடியைக் கலைத்துவிடுகிறான். அவள் சட்டென்று சாதாரணக் குடும்பத்துப் பெண்ணின் பேச்சுக்கு மாறுகிறாள். இருவரும் ஊரறியச் சண்டையிடும் தம்பதியாக நடிக்கிறார்கள். சண்டையே இவர்களின் இயல்பு என்பதால் நடிப்பு கச்சிதமாகப் பொருந்துகிறது. வந்தவர்கள் போனதும் இருவரும் சிரிக்கிறார்கள். முதன்முறையாக இருவரும் ஒரே பக்கத்தில் நிற்கிறார்கள். இங்கே பின்விளக்கு ஏதுமில்லை, பகல் வெளிச்சம்தான். உடலசைவு மட்டுமே அந்த வேலையைச் செய்கிறது. அவன் கை அவள் முடியைத் தொட்டது நாடகத்துக்காக என்று இருவரும் நினைத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு முந்தைய இரவில் ஒரு போர்வைக்கு அப்பால் இருந்த கை அது.

கைகாட்டி வண்டியை நிறுத்தும் புகழ்பெற்ற காட்சியை நான் சுருக்கமாகவே குறிப்பிடுகிறேன். பீட்டரின் கட்டைவிரல் பாடங்கள் தோற்க, எல்லி பாவாடையைச் சற்று உயர்த்த, வண்டி கிறீச்சிட்டு நிற்கிறது. கால், பிரேக், சக்கரம் என்று வேகமான வெட்டுகளில் அமைந்த அது நகைச்சுவைப் படத்தொகுப்புக்கு நல்ல பாடம்; காதலுக்கு அங்கே அதிக இடமில்லை. அதற்கு முந்தைய இரவுதான் நம் பொருளுக்கு உயிரானது.

பேருந்தை விட்டு இறங்கி, இரவில் ஒரு நீரோடையைக் கடக்கிறார்கள். பீட்டர் அவளை மூட்டையைப் போலத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறான். உப்புமூட்டை தூக்குவதைப் பற்றி இருவருக்கும் தீவிரமான தர்க்கம் நடக்கிறது: இது உப்புமூட்டையா இல்லையா, யாருக்கு உண்மையில் அது தூக்கத் தெரியும் என்று. எழுதிய காகிதத்தில் படித்தால் முழுக்க நகைச்சுவை. ஆனால் வாக்கர் ஒளியைப் பின்னாலிருந்து நீரின் மேல் விழச் செய்திருக்கிறார். ஓடை முழுவதும் நிலவொளியில் சில்லுச் சில்லாக மின்னுகிறது. அந்த மினுக்கத்துக்கு நடுவே இரண்டு உடல்களும் ஒரே கறுப்பு உருவமாகத் தெரிகின்றன. காது ஒன்றைக் கேட்கிறது, கண் வேறொன்றைப் பார்க்கிறது. வாய் வாதாடிக்கொண்டிருக்க, உடல் உடலைச் சுமந்துகொண்டு ஒளியைக் கடக்கிறது. இந்தக் காட்சியை ஒருமுறை ஒலியை அணைத்துவிட்டுப் பார்க்கும்படி எவரையும் கேட்டுக்கொள்வேன்: ஒலியோடு பார்த்தால் நகைச்சுவைக் காட்சி, ஒலியில்லாமல் பார்த்தால் காதல் காட்சி. இரண்டும் ஒரே ஷாட்களில் இருக்கின்றன.

ஓடைக்கு அப்பால் வைக்கோல் படுக்கை. அவன் சிறிது நேரம் காணாமல் போனதும் அவள் பதறிவிடுகிறாள். திரும்பி வந்ததும் அந்தப் பதற்றத்தை மறைக்கவும் முடியவில்லை. அவன் தன் கோட்டை எடுத்து அவள் மேல் போர்த்தக் குனிகிறான். முகங்கள் நெருங்குகின்றன. வசனம் நின்றுவிடுகிறது. இவ்வளவு வாயாடும் ஒரு படத்தில் வசனம் நிற்பதே ஒரு நிகழ்ச்சி. வெட்டு விழும் என்று நாம் எதிர்பார்க்கும் இடத்தைத் தாண்டியும் ஷாட் நீள்கிறது. முத்தம் வரப்போகிறது என்று உடலே எதிர்பார்க்கிறது. அவன் விலகிப் போய்விடுகிறான். அவள் கண்ணில் நீர். ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் கடுமையாக நடைமுறைக்கு வந்தது அதே ஆண்டு ஜூலையில்தான், இந்தப் படம் வெளியாகிச் சில மாதங்கள் கழித்து. ஆகவே இந்த அடக்கத்தைப் பயத்தின் விளைவாக மட்டும் பார்க்கத் தேவையில்லை. நடக்காத முத்தத்தின் நீளத்தைக் காப்ரா நன்றாக அறிந்திருந்தார் என்றுதான் நான் கொள்கிறேன்.

மூன்றாவது இரவில் மீண்டும் ஒரு விடுதி, மீண்டும் போர்வை. பசிபிக் கடலில் தான் கண்ட ஒரு தீவைப் பற்றி, அங்கே தன்னோடு வரக்கூடிய பெண்ணைப் பற்றி, பீட்டர் இருட்டில் பேசிக்கொண்டிருக்கிறான். அவன் பேச்சின்போது கேமரா அவள் முகத்துக்குப் போகிறது. பேசுபவரைவிடக் கேட்பவரைக் காட்டுவது காதல் காட்சிகளின் மிகப் பழைய ரகசியங்களில் ஒன்று: சொல் அவனுடையது, ஆனால் அது போய் விழும் இடத்தை நாம் பார்க்கிறோம். முடியின் ஓரத்தில் ஒளி, கண்ணில் ஈரம், அசையாத கேமரா. பிறகு அவள் எழுந்து போர்வையைச் சுற்றி அவன் பக்கத்துக்கு வந்து, கட்டிலருகே மண்டியிட்டு, தன்னையும் அழைத்துப்போகச் சொல்லிக் காதலை ஒப்புக்கொள்கிறாள்.

நாலைந்து அடி தூரம்தான் அது. மயாமியிலிருந்து நியூயார்க் வரைக்குமான நெடும்பயணத்தில் மிகப் பெரிய நகர்வு அந்த நாலைந்து அடிதான் என்று நமக்குத் தோன்றுவதற்குக் காரணம், அந்த இடைவெளியை இத்தனை நேரமும் கேமரா மதித்து வந்ததே. முதல் இரவில் கேமரா தன் விருப்பத்துக்கு இரண்டு பக்கமும் மிதந்து மிதந்து போயிருந்தால், மூன்றாவது இரவில் அவள் கடந்து வருவதற்கு எந்த எல்லையும் மிஞ்சியிருக்காது. இப்போது அவள் எல்லையைத் தாண்டுகிறாள், அவன்தான் தயங்கி, படுக்கைக்குத் திரும்பிப் போகச் சொல்கிறான். அவன் மனம் மாறி, நிஜமாகவே வருவாயா என்று கேட்கும்போது அவள் அழுது தூங்கிப்போயிருக்கிறாள். இரண்டு தனிச் சட்டகங்களும் ஒரு தருணம் ஒன்றாகி, மறுபடி இரண்டாகிவிட்டன.

நடிகையின் விருப்பம் ஒன்றும் இந்த ஷாட்களின் அமைப்பில் கலந்திருக்கிறது. கோல்பேர் தன் முகத்தின் வலப்பக்கத்தைக் கேமராவுக்குக் காட்டுவதைத் தம் திரைவாழ்க்கை முழுவதும் தவிர்த்தவர். அந்தப் பக்கத்தை ஒளிப்பதிவாளர்கள் நிலவின் இருண்ட பக்கம் என்றே அழைத்தார்கள். இடக்கன்னம் தெரிய வேண்டுமானால் அவர் திரையின் இடப்புறம் நோக்கித் திரும்ப வேண்டும், எதிரே இருப்பவரை அதற்கேற்ப நிறுத்த வேண்டும். அவர் கொடுத்த கால அவகாசமும் குறைவு: 50,000 டாலர் சம்பளம், நான்கு வாரத்தில் முடித்துவிட வேண்டும் என்பது அவரது நிபந்தனை. அவசரத்திலும் கட்டுப்பாட்டிலும் எடுக்கப்பட்ட படத்தில் ஒளி இவ்வளவு நிதானமாக இருப்பதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. 1935இல் நடந்த ஆஸ்கர் விழாவில் சிறந்த படம், இயக்கம், நடிகர், நடிகை, திரைக்கதை என்ற ஐந்து பெரிய விருதுகளையும் முதன்முதலாக ஒருசேர வென்றது இதுதான். அந்த ஐந்தில் ஒளிப்பதிவு இல்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

இந்தக் கதைக்குச் சென்னையோடும் ஓர் உறவு உண்டு. 1956இல் ஏவி.எம். நிறுவனம் ராஜ் கபூர், நர்கிஸ் நடிப்பில் 'சோரி சோரி' என்று இந்தியில் இதை எடுத்தது. அங்கே நிலவொளியில் வரும் காதல் உணர்வைப் பெருமளவுக்குப் பாடல்கள் ஏந்திக்கொண்டன. மன்னா டேயும் லதா மங்கேஷ்கரும் பாடிய 'ஆஜா சனம்' என்ற நிலவுப் பாட்டு இன்றும் ஒலிக்கிறது. நம் மரபில் சொல்ல முடியாததைச் சொல்லப் பாட்டு இருக்கிறது. பாத்திரங்கள் தம் நாவால் ஒப்புக்கொள்ளாததை மெட்டு ஒப்புக்கொண்டுவிடும். அந்த வசதியை எடுத்துக்கொள்ளாத மூலப்படத்தில், பின்னணி இசையும் மிகக் குறைவாக இருக்கும் நிலையில், பாட்டு செய்ய வேண்டிய வேலை முழுவதும் ஒளியின் தலையில் விழுந்தது. இரண்டில் எது உயர்ந்தது என்று கேட்பதைவிட, ஒரே இரவை இரண்டு சினிமாக்கள் எந்தெந்தக் கருவியால் நிரப்பின என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயன் தரும்.

கடைசிப் பகுதிக்கு வருவோம். தவறான புரிதலால் எல்லி தன் பழைய மணமகனையே முறைப்படி மணக்கத் தயாராகிறாள். திறந்தவெளியில் ஆடம்பரத் திருமணம், மணமகன் ஆட்டோகைரோ என்ற சிறு வானூர்தியில் வந்து இறங்குகிறான். எல்லாமே கூட்டம், பகட்டு, வரிசை. தந்தையின் கையைப் பிடித்து நடந்து வருகையில், வாசலில் கார் காத்திருக்கிறது என்று அவர் அவள் காதில் கிசுகிசுக்கிறார். பாதிரியார் சம்மதம் கேட்கும்போது அவள் தலையை அசைத்துவிட்டு ஓடுகிறாள். நீளமான வெள்ளைத் துகில் அவளுக்குப் பின்னால் புல்வெளி நெடுக இழுபட்டுப் பறக்கிறது. படத்தின் தொடக்கத்தில் படகிலிருந்து கடலில் பாய்ந்தவள் இப்போது புல்வெளியில் பாய்கிறாள். இரவுகளில் அசையாமல், சிறிய முகமாக, நிழலில் இருந்தவள் பகலில், தூரத்து ஷாட்டில், முழு உடலாக ஓடுகிறாள். அந்த ஓட்டத்தில் பீட்டர் திரையிலேயே இல்லை. ஆனாலும் அவள் யாரை நோக்கி ஓடுகிறாள் என்பதில் எவருக்கும் ஐயமில்லை.

அதற்குப் பிறகு இந்த ஜோடியின் முகங்களை நாம் பார்ப்பதே இல்லை. ஒரு விடுதி, இரவு. விடுதிக்காரரும் அவர் மனைவியும் வெளியே நின்று குழம்பிப்போய்ப் பேசிக்கொள்கிறார்கள்: புதுமணத் தம்பதிக்குக் கயிறும் போர்வையும் எதற்கு, விளையாட்டு எக்காளம் எதற்கு என்று. கேமராவும் அவர்களோடு வெளியிலேயே நிற்கிறது. முன்பு இரண்டு கட்டில்களுக்கு நடுவே நம்மை இருக்க அனுமதித்த கேமரா, இப்போது கதவைச் சாத்திவிட்டது. உள்ளே எக்காளம் ஊதும் ஓசை. போர்வை தரையில் விழுகிறது. விளக்கு அணைகிறது.